ஈர்ப்பை எங்கே வரைவது?

தம்பி, திருகோணமலையில் பாடசாலைக் கண்காட்சிக்கு 'எல்லா விசையும் ஒன்றே' என்று பதாகை செய்வதாகவும், ஈர்ப்பை எங்கே இணைப்பது என்று புரியவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். இணைக்க வேண்டாம், தனியாகவே வரையுங்கள்.

மின்னையும் காந்தத்தையும் மெக்ஸ்வெல் 1860களில் ஒன்றாக்கினார். அதோடு, சில அணுக்கருக்கள் சிதையக் காரணமான மென் கருவிசையைச் சேர்த்ததற்கு கிளாஷோ, சலாம், வைன்பேர்க் மூவருக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. அணுக்கருவைக் கட்டிவைக்கும் வன் கருவிசையையும் சேர்க்கும் கோட்பாடுகள், கருவிலுள்ள துகளான புரோத்தன் சிதையும் என்கின்றன. இதுவரை யாரும் அதைக் காணவில்லை, ஆகவே அங்கே புள்ளிக்கோடு போதும்.

ஈர்ப்பின் சிக்கல் வேறு. ஐன்ஸ்டைனின் 1915ஆம் ஆண்டுக் கோட்பாட்டில் அது வெளி-நேரத்தின் வளைவு. அதைக் குவாண்டம் முறையில், அதாவது நுண்துகள்களுக்கான விதிகளின்படி, கணிக்கப் போனால் விடைகள் முடிவிலியாகின்றன. மற்ற விசைகளில் அந்த முடிவிலிகளை நீக்கும் வழி இங்கே பலிப்பதில்லை. பரிசோதிப்பதும் பெரும்பாடு, ஈர்ப்பு அவ்வளவு பலவீனம். இதை மேசையிலேயே காட்டலாம். புல்மோட்டைக் கடற்கரையின் இரும்பு கலந்த கறுப்பு மணலைக் கொஞ்சம் தாளில் பரப்பி, நல்ல வலுவான காந்தம் ஒன்றைக் கிட்டக் கொண்டுபோங்கள். மணல் துள்ளி வந்து ஒட்டும். கீழே இழுப்பது முழுப் பூமி, அதையும் மீறித் தூக்குவது கையளவு காந்தம்! நடுவர்களுக்கு முதலில் இதைக் காட்டுங்கள், அப்புறம் பதாகையை விளக்கலாம்.