அதிருப்தி மட்டும்தானா?

கேள்வி: 'திருப்தி'க்கு எதிர்ச்சொல் 'அதிருப்தி' மட்டும்தானா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: பரீட்சையில் அதையே எழுதுங்கள், மார்க் கிடைக்கும். திருப்தி வடசொல், முன்னால் 'அ' சேர்ந்தால் எதிர்மறை. ஆனால் அது கட்சிக்காரர்கள் சொல்லாகிவிட்டது. வீட்டில் யார் "அதிருப்தியாக இருக்கிறேன்" என்கிறார்கள்?

போன மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாணம். பிரியாணிக்குப் பஞ்சமில்லை, தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய் மட்டும் என் இலைக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. எனக்கு வந்தது மனக்குறை. கடைசிக் கரண்டி பக்கத்து இலையில் விழுந்ததைப் பார்த்து, ஒன்றும் செய்ய முடியாமல் புழுங்கினேனே, அது ஆற்றாமை. வேலூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அதையே சொல்லிச் சொல்லிப் புலம்பியது அங்கலாய்ப்பு. சரி, என் மனைவி இவ்வளவு பிரிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பேச்சு: "எங்க போனாலும் நொட்டை சொல்லணும் உங்களுக்கு!"