சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்கள் ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளி மலருக்காக, இன்னும் லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கத்துத் தாமானிலும் (குடியிருப்புப் பகுதி) இருக்கிற பழைய ஆட்கள் 14 பேரிடம் பேசிப் பதிவு செய்தேன். கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்ததில் 60 பக்கம் வந்தது. எல்லாம் பேச்சுத்தமிழ். இப்படியே கொடுக்கத் தயங்கி, சாட்ஜிபிடியில் போட்டு 'நல்ல தமிழில் மாற்றி எழுது' என்றேன். படிக்க அழகாக வந்தது. ஆனால் 85 வயதுப் பாட்டி ஒருவரிடம் வாசித்துக் காட்டியபோது, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் சொன்னது இல்லையே" என்றார். இரண்டு வடிவங்களையும் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

மலர்க்குழுவில் ஓர் ஆசிரியர், ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் செயலியில் எல்லாக் கட்டுரைகளையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், பழைய மலரில் வந்த தோட்ட வரலாற்றுக் கட்டுரையை ஏஐ மூலம் சொல் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்கிறார். உங்கள் கருத்து வேண்டும்.

– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டி சொன்னதுதான் சரி. நீங்கள் அனுப்பியதில் ஒரு பத்தியை மற்றவர்களும் பார்க்கட்டும். பாட்டி பேசியது:

"அஞ்சு மணிக்குப் பெரட்டு. மண்டோரு பேரு கூப்புடுவாரு. இருட்டுலயே நெரைக்குப் போயிருவோம். ஒரு நாளைக்கு ரெண்டு வெள்ளி சம்பளம். அவசரகாலத்துல அரிசிய அளந்துதான் குடுப்பாங்க. எங்கப்பாவ ஜப்பான்காரன் சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போனப்ப எனக்கு மூணு வயசாம். அவரு திரும்பி வரல."

செயலி தந்தது:

"அதிகாலை ஐந்து மணிக்கு வருகைப் பதிவு மேற்கொள்ளப்பட்டது. மேற்பார்வையாளர் ஒவ்வொருவரின் பெயரையும் அழைப்பார். இருள் விலகும் முன்பே வரிசையாகப் பணிக்குச் சென்றோம். நாளொன்றுக்கு இரண்டு வெள்ளி நாணயங்கள் ஊதியமாக வழங்கப்பட்டன. நெருக்கடியான நேரங்களில் அரிசி அளவோடு வழங்கப்பட்டது. எனது தந்தை தாய்லாந்திற்கு அழைத்துச் செல்லப்பட்டபோது எனக்கு மூன்று வயது. அவர் மீண்டும் திரும்பவில்லை. இந்நிகழ்வு எங்கள் குடும்பத்தில் ஆழமான தாக்கத்தை ஏற்படுத்தியது."

மண்டோர் மேற்பார்வையாளர் ஆனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மற்றவை அப்படியல்ல. 'நெரை' என்பது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்கு ஒதுக்கிய மர வரிசை. செயலி ஆட்களை வரிசையாக நடக்க வைத்துவிட்டது. வெள்ளி நம் நாட்டுப் பணம், அதை உலோகமாக்கிவிட்டது. 'அவசரகாலம்' என்பது மலாயாவில் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிராக அரசு அறிவித்து, 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலையில் முடிந்த ஒரு காலகட்டத்தின் பெயர். அது அறிவிக்கப்படக் காரணமான தோட்ட நிர்வாகிகளின் கொலை நடந்ததே உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். 'நெருக்கடியான நேரங்களில்' என்றதும் அந்தப் பன்னிரண்டு வருடமும் பத்தியிலிருந்து போய்விட்டது.

சயாம் விஷயம் இதைவிடக் கொடியது. மலாயாத் தமிழர் வாயில் 'சயாமுக்குப் போனார்' என்றால் ஒரே பொருள்தான்: 1942–43இல் ஜப்பானியர் போட்ட, சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில்பாதை. பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் அங்கே இறந்தார்கள். 'தாய்லாந்திற்கு அழைத்துச் செல்லப்பட்டபோது' என்று படிக்கிற இன்றைய மாணவனுக்கு ஹட்யாய் சுற்றுலாதான் நினைவுக்கு வரும். பிடித்துக்கொண்டு போனவன் யார் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். செயப்பாட்டு வினையில் அந்த ஜப்பான்காரனே காணாமல் போய்விட்டான்.

கடைசி வாக்கியத்தைப் பாட்டி சொல்லவே இல்லை. 'வரல' என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

ஏன் இப்படி ஆகிறது? சாட்ஜிபிடிக்குள் இருக்கும் 'மொழி மாதிரி' என்ற நிரல், ஒவ்வொரு இடத்திலும் அடுத்து வர அதிக வாய்ப்புள்ள சொல்துண்டையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்து எழுதுகிறது. அது படித்த தமிழில் செய்தி நடை, கலைக்களஞ்சிய நடை, மொழிபெயர்ப்பு நடை ஆகியவை நிறைய. தோட்டப் பேச்சு அதில் மிகக் குறைவு. 'மாற்றி எழுது' என்றதும் அரிதான சொல் போய் வழக்கமான சொல் வந்து உட்கார்கிறது. 'நல்ல தமிழில்' என்று நீங்கள் சேர்த்தது அதை இன்னும் தள்ளிவிட்டது. தமிழ்ச் சொல்லை இந்தச் செயலிகள் முழுசாகப் பார்ப்பதும் இல்லை, துண்டு துண்டாக உடைத்தே பார்க்கின்றன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மொழி மாதிரி வெளியானபோது, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டுகளான ஒரு சிறு தமிழ் அறிமுகப் பகுதி புதிய முறையில் 35 துண்டுகளானது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் 'பெரட்டு' போன்ற சொல்லுக்குப் பின்னால் அதற்குப் பற்றிக்கொள்ள அதிகமில்லை.

இதிலிருந்தே ஒரு நல்ல பயன்பாடும் கிடைக்கிறது. அது மாற்றத் துடிக்கிற சொற்கள்தாம் உங்கள் மலரில் அடிக்குறிப்பு தேவைப்படும் சொற்கள். அதனால் மாற்றி எழுதச் சொல்லாதீர்கள், சுட்டிக்காட்டச் சொல்லுங்கள்: 'கீழே உள்ள பகுதியில் மலேசியத் தோட்ட வாழ்க்கை தெரியாத வாசகருக்குப் புரியாத சொற்களைப் பட்டியலிடு. விளக்கம் எழுதாதே.' 60 பக்கத்தையும் இப்படி ஓட்டினால் பெரட்டு, நெரை, மங்கு, ஒட்டுப்பால், கிராணி, தோட்டத் துண்டாடல், சிவப்பு அடையாள அட்டை என்று ஐம்பது சொற்களாவது சேரும். விளக்கத்தை அந்தப் பெரியவர்களிடமே கேட்டு நீங்கள் எழுதுங்கள். செயலியிடம் கேட்டால் தெரியாத சொல்லுக்கும் தயங்காமல் ஒரு பொருள் சொல்லும்.

அடுத்து, பிழை திருத்தம். முதல் தட்டச்சுக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். எழுத்துப்பிழைக்கும் சந்திப்பிழைக்கும் முதலில் நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, நாவி என்ற திருத்திகளைப் பயன்படுத்துங்கள். அவை விதிப்படி பிழையைக் காட்டும், வாக்கியத்தைப் புதிதாக எழுதாது. மண்டோரையும் தாமானையும் பிழை என்று கோடிடும், விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் ஏஐ வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 300 சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். நீளமாகக் கொடுத்தால் நடுவில் இரண்டு மூன்று வாக்கியங்களைச் சுருக்கி ஒன்றாக்கிவிடும், கண்ணுக்கும் தெரியாது. கட்டளை இப்படி இருக்கட்டும்: 'எழுத்துப்பிழையும் நிறுத்தற்குறியும் மட்டும் திருத்து. சொல்லை மாற்றாதே. வாக்கியம் சேர்க்காதே, நீக்காதே. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்காதே. கீழ்க்கண்ட சொற்களைத் தொடாதே.' அதன் கீழே உங்கள் ஐம்பது சொல் பட்டியலை ஒட்டுங்கள்.

என்ன மாற்றினாய் என்று அதையே கேட்டு, அந்தப் பதிலை நம்பிவிட வேண்டாம். செய்த மாற்றத்தை விட்டுவிடும், செய்யாததைச் சொல்லும். வேர்டில் 'ரிவியூ' பகுதியில் உள்ள 'கம்பேர்' இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மாற்றத்தையும் நிறத்தில் காட்டும். அதைப் பாருங்கள். பிறகு எண், ஆள் பெயர், ஊர்ப் பெயர், 'இல்லை' என்று வரும் இடங்கள் ஆகிய நான்கையும் அச்செடுத்த தாளில் பென்சிலால் வட்டமிட்டு, ஒலிப்பதிவோடு ஒப்பிடுங்கள். பெரிய தவறுகள் இந்த நான்கில்தான் ஒளிந்திருக்கும். ஒரு விஷயம்: சில சமயம் 'கொ' என்ற எழுத்து உள்ளே ஒரே குறியோடும், சில சமயம் கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதிவாகியிருக்கும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் தேடலில் ஒன்று அகப்படாது. 'கொட்டகை' நான்கு இடத்தில் இருக்க இரண்டு என்று காட்டினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

பேச்சுத்தமிழை மலரில் போடத் தயங்க வேண்டியதே இல்லை. அறிமுகமும் இணைப்பு வாக்கியங்களும் உங்கள் எழுத்துத்தமிழில் இருக்கட்டும். அவர்கள் பேச்சு மேற்கோளுக்குள் அப்படியே வரட்டும். அடையாள அட்டை எண், மருத்துவ விவரம், குடும்பச் சண்டை போன்றவற்றைச் செயலியில் ஏற்றும் முன்பே நீக்கிவிடுங்கள். செயலியின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) உங்கள் உரையைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் தெரிவையும் அணைத்துவிடுங்கள். தலைவரின் வாழ்த்துரையை ஏஐ மெருகேற்றினால் பெரிய சேதம் இல்லை. பாட்டியின் பேச்சு வேறு.

ஆசிரியர் சொல்லும் கண்டுபிடிப்புச் செயலி வேண்டாம். ஓபன்ஏஐயே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. ஆங்கிலத்திலேயே ஏஐ எழுதியதில் 26 விழுக்காட்டைத்தான் சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். தமிழில் இன்னும் நம்ப முடியாது. ஒழுங்காக, செய்தி நடையில் எழுதுகிற ஒரு பழைய மாணவரை அது பொய்யராக்கினால் அந்த மனக்கசப்பை யார் தீர்ப்பது? மூலக்கோப்பையும் ஒலிப்பதிவையும் கேட்டு வாங்குங்கள், அதுவே போதும்.

பழைய மலர்க் கட்டுரையைச் சொல் மாற்றிப் போடுவதை நான் ஏற்கவில்லை. தகவலைத் தேடி, அடுக்கி, எழுதிய உழைப்பு அவருடையது. ஒவ்வொரு சொல்லையும் மாற்றினாலும் அது அவருடையதாகவே இருக்கும். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. அவரையோ அவர் குடும்பத்தையோ தேடிக் கேளுங்கள். தோட்டத்து ஆள் என்றால் இரண்டு தொலைபேசி அழைப்பில் கிடைத்துவிடுவார்கள். பெயரோடு, மூலம் எந்த மலர், எந்த ஆண்டு என்ற குறிப்போடு அப்படியே போடுங்கள். அச்சுத் தாளைப் படமெடுத்து எழுத்தாக்கும்போது காலும் 'ர'வும், 'ஔ'வும் 'ஒள'வும் இடம் மாறி வரும், அதை மட்டும் கண்ணால் திருத்துங்கள்.

திருத்திய பக்கங்களோடு மறுபடி பாட்டியிடம் போவீர்கள் அல்லவா, அப்போது ஒன்று கேளுங்கள். 'மூணு வயசு' என்று அவர் சொல்லவில்லை, 'வயசாம்' என்றார். யாரோ சொல்லிக் கேட்டது. செயலி அந்த 'ஆம்' என்பதை வெட்டிவிட்டது. சொன்னது அம்மாவா, பக்கத்து வீட்டுக்காரரா, அப்பாவோடு போய்த் திரும்பி வந்தவர் யாராவதா? பெயர் சொன்னால், அவர் எந்தத் தோட்டத்து ஆள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.