ஏஐ படம் போட்டால் ஓவியருக்கு என்ன வேலை? – கேள்வி பதில்

சுவர் விளம்பரம் எழுதிப் பழகி, பிறகு கணினி வடிவமைப்புக்கு வந்தவன் நான். வடசென்னையில் பிளெக்ஸ் கடை நடத்துபவர்களும் ஓவியம் பழகுபவர்களும் பெற்றோரும் செயற்கை நுண்ணறிவை (ஏஐ) பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கொருக்குப்பேட்டை, பிளெக்ஸ் கடைக்காரர்: செல்போனிலேயே ஏஐ படம் செய்து கொண்டுவந்து, "அச்சடித்தால் போதும், டிசைன் காசு எதற்கு?" என்கிறார்கள் அண்ணா. என்ன சொல்வது?

சண்டை வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். அப்படி வரும் படம் பல நேரம் நீளமும் அகலமும் 1,024 புள்ளிகள் (பிக்சல்) கொண்ட சதுரம்தான். பத்தடி அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு எட்டரைப் புள்ளி தேறும். கிட்டே வந்து பார்ப்பவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். அடுத்து, படத்துக்குள் இருக்கும் தமிழை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். சுழி ஒன்று கூடியிருக்கலாம், கொம்பு இடம் மாறியிருக்கலாம். வட்டச் செயலாளர் பெயரில் பிழை வந்தால் செல்போனையா கேட்பார்கள்? உங்கள் கடைக்குத்தான் வருவார்கள். 'திருத்தம், அச்சுத் தயாரிப்பு' என்று பில்லில் தனி வரியாகப் போட்டு வாங்குங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை, வடிவமைப்பாளர்: கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்குப் பழைய ரேஷன் கார்டுப் படத்தைத் தருகிறார்கள். ஏஐ கொண்டு தெளிவாக்கலாமா?

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும். அந்தக் கருவி மங்கிப்போன முகத்தை மீட்டெடுப்பதில்லை. தான் பழகிய ஏராளமான முகங்களை வைத்து, இந்த இடத்தில் கண் இப்படி இருந்திருக்கும், பல் இப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. படத்தில் இல்லாத தகவலை வேறு எங்கிருந்து எடுக்கும்? அதனால் விளிம்பெல்லாம் கூர்மையாக, பார்க்க அழகாக, யாரோ ஒருவருடைய முகம் வந்து நிற்கும். மாறுகண் நேராகிவிடும். மச்சம் தூசியாகக் கருதப்பட்டு மறைந்துவிடும். காசிமேட்டில் காலமெல்லாம் வெயிலில் வலை இழுத்தவர் வெளுத்த கன்னத்தோடு சிரிப்பார்.

இழவு வீட்டார் இரவு பதினோரு மணிக்கு வந்து, விடிவதற்குள் சுவரொட்டி வேண்டும் என்பார்கள். அவசரத்தில் பொத்தானை அழுத்தத்தான் தோன்றும். கீறலை அகற்றவும் பின்னணியை மாற்றவும் சட்டையைச் சீராக்கவும் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கண், மூக்கு, வாய் மூன்றையும் மூலப் படத்திலிருந்தே எடுத்து, கையால் சரிசெய்யுங்கள். மங்கலாக இருந்தால் இருக்கட்டும். அச்சுக்கு அனுப்பும் முன் மனைவியோ மகளோ ஒருமுறை பார்க்க வேண்டும். கூட வந்த நண்பர்கள் "சூப்பர்" என்று சொல்வது போதாது. "எங்கள் அப்பா இப்படி இல்லையே" என்று ஒரு பெண் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். முன்பு வரைந்ததற்குக் கூலி வாங்கினோம். இனி, இது அவர்தான் என்று பொறுப்பேற்பதற்கும் வாங்குகிறோம்.

வியாசர்பாடி, ஒரு தாய்: மகள் பிளஸ் டூ. ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்கிறாள். சேர்க்கலாமா ஐயா?

சேர்த்துவிடுங்கள் அம்மா. பெரியமேட்டுப் பக்கம் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. புகைப்படம், சினிமா, கணினி எல்லாம் வந்த பிறகும் நடக்கிறது. ஓவியம் மட்டுமல்லாமல் சிற்பம், சுடுமண், துணி வடிவமைப்பு, அச்சுக்கலையும் உண்டு. கையும் பொருளும் சேரும் துறை எதையாவது அவள் பழகட்டும். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: புதிதாக வருபவர்கள் பழகிக்கொண்ட அட்டைப்படம், சின்ன விளம்பரப் படம் போன்ற வேலைகளைத்தான் ஏஐ முதலில் தின்கிறது. ஆகவே படிக்கும்போதே வெளிவேலை தேடச் சொல்லுங்கள்.

எண்ணூர், இளைஞர்: நான் ஏஐயிடம் வார்த்தைகளில் விவரம் சொல்லி உருவாக்கிய படம் எனக்குச் சொந்தமா?

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் ஒரு படக்கதை விஷயத்தில், எழுத்துக்கும் தொகுத்த முறைக்கும் உரிமை தந்தது. ஏஐ உருவாக்கிய படங்களுக்குத் தரவில்லை. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், கணினியால் உருவான படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது 1994 திருத்தத்தில் வந்தது. இன்றைய ஏஐயை மனத்தில் வைத்து எழுதியதன்று. அதை மட்டும் நம்பி லோகோ விற்காதீர்கள். நீங்களே வரைந்த பகுதி எது என்பதற்குக் கோப்புகளைப் பத்திரமாக வையுங்கள்.

பெரம்பூர், ஓவியர்: இன்ஸ்டாகிராமில் போட்ட என் ஓவியங்களை ஏஐ கற்றுக்கொள்ளாமல் தடுக்க முடியுமா?

முழுவதும் முடியாது. ஏஐ பழகுவதற்காக 2022இல் வெளியான லயான் என்ற தொகுப்பில் மட்டும் இணையத்திலிருந்து திரட்டிய சுமார் 585 கோடிப் படங்களின் முகவரிகள் இருந்தன. யாரும் அனுமதி கேட்கவில்லை. ஓவியர்கள் சிலர் 2023 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஏஐ பட நிறுவனங்கள் மீது வழக்கே போட்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் கிளேஸ், நைட்ஷேட் ஆகிய மென்பொருள்கள் கண்ணுக்கு எளிதில் தெரியாத மாற்றங்களைப் படத்தில் சேர்த்து ஏஐயைக் குழப்பப் பார்க்கின்றன. கொஞ்சம் உதவும். சிறிய அளவில் பதிவிடுங்கள், பெரிய கோப்பைக் கையோடு வையுங்கள்.

மாதவரம், மாணவர்: நீங்கள் ஏஐ பயன்படுத்துகிறீர்களா?

ஆம். பின்னணிக்கும் நிற யோசனைக்கும். முகத்துக்கும் எழுத்துக்கும் இல்லை. வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

ராயபுரம், சுவர் ஓவியர்: பிளெக்ஸ் வந்து எங்களை ஒருமுறை ஒழித்தது. இதுவும் அதேதானே?

பிளெக்ஸ் தூரிகையைப் பறித்தது. ஆனாலும் எதை எங்கே வைப்பது என்று யோசிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். இப்போது அந்த யோசனைக்கே போட்டி வந்திருப்பதால் அடி பிளெக்ஸ் கடைக்குத்தான் அதிகம், உங்களுக்குக் குறைவு. கடற்காற்றில் உப்பு பூத்த சுவரைச் சுரண்டி, பிரைமர் அடித்து, கட்டம் போட்டு அம்பேத்கரை இருபதடிக்கு ஏற்ற ஏஐயால் ஆகாது. கால்பந்து மன்றமோ கேரம் மன்றமோ ஏஐ படத்தை நீட்டி "இதை அப்படியே வரையுங்கள்" என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். சதுர அடிக் கூலியைக் குறைக்காதீர்கள். அந்தப் படத்தில் ஆறு விரல் இருந்தால், திருத்துவதற்குத் தனிக் காசு என்று சாரம் கட்டும் முன்பே பேசிவிடுங்கள்.