3 வருடமாக ஒமிப்ரசோல்: அம்மாவின் கால் விறைப்பதற்கு அதுவா காரணம்?

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "அம்மா கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். நெஞ்செரிச்சலுக்கு 3 வருடமாகத் தினமும் ஒமிப்ரசோல் குடிக்கிறார். டொக்டர் எழுதித் தந்தது எப்போதோ முடிந்துவிட்டது, பாமசியில் கேட்டு வாங்குகிறார். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மினும் உண்டு. இப்போது பாதம் விறைக்கிறது, படியேறினால் களைக்கிறது. இந்தக் குளிசையால் சத்துக் குறையுமா?"

குறையலாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது விட்டமின் பி12. மீனிலும் முட்டையிலும் பாலிலும் அது புரதத்தோடு ஒட்டியே இருக்கிறது. பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், ஒமிப்ரசோல் கட்டுப்படுத்துவதோ அந்த அமிலத்தைத்தான். ஈரலில் பல வருடத்துக்குக் கையிருப்பு இருப்பதால் குறைபாடு மெல்லத்தான் வெளியே தெரியும். 2013இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், 2 வருடமோ அதற்கு மேலோ இவ்வகைக் குளிசை எடுத்தவர்களிடம் பி12 குறைபாடு கூடுதலாகக் காணப்பட்டது. மெட்ஃபோர்மினும் உடம்பிலுள்ள பி12ஐக் குறைக்கும். அம்மாவுக்கு இரண்டுமே இருக்கிறது.

சீனி வருத்தமும் பாதத்து நரம்பைக் கெடுக்கும். அதனால் "சீனியால்தான்" என்று சொல்லி விட்டுவிடுவார்களோ என்பதே என் பயம். அடுத்த கிளினிக்கில் 3 வருட ஒமிப்ரசோலைச் சொல்லி, பி12 இரத்தப் பரிசோதனையை வாய்விட்டுக் கேளுங்கள். அதற்கு முன் ஃபோலிக் அமிலக் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள். அது இரத்தத்தைச் சரியாக்கிக் காட்டும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும்.

களைப்புக்கு இரும்புச்சத்தையும் பார்க்க வேண்டும். கீரை, பருப்பிலுள்ள இரும்பை உடம்பு எடுக்க அமிலம் உதவுகிறது. அமிலம் குறைந்த வயிற்றில், ரொட்டி சாப்பிட்ட கையோடு தேத்தண்ணியும் போனால் கிடைக்கும் கொஞ்சமும் தடைப்படும். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளுங்கள். சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம், இல்லாவிட்டால் கீரையில் தேசிக்காய்ப்புளி.

மக்னீசியமும் குறையலாம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்குத்தான். கெண்டைக்கால் பிடிப்பு, நெஞ்சுப் படபடப்பு இருந்தாலோ, சிறுநீர் போக வைக்கும் குளிசை எடுத்தாலோ அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். கல்சியம் குளிசை கொடுத்திருந்தால், கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணி வேறு வகை. அது மற்ற மருந்துகள் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். இரும்புக் குளிசைக்கும் அதற்கும் 2 மணித்தியால இடைவெளி விடுங்கள், தைரொயிட் குளிசைக்கு 4.

இதற்காக ஒமிப்ரசோலை இன்றே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் அமிலம் முன்பைவிடக் கூடுதலாகச் சுரந்து எரியும். முழங்கால், இடுப்பு வலிக்குக் குளிசையோ, அஸ்பிரினோ எடுப்பவராக இருந்தால் ஒமிப்ரசோல்தான் வயிற்றைப் புண்ணாகாமல் காக்கிறது. தொடர்வதா, குறைப்பதா என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும். மலம் கறுத்தாலோ, விழுங்கக் கஷ்டமென்றாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

பி12 குறைவென்று வந்தாலும் கலங்காதீர்கள். குளிசையில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருப்பதில்லை, அதனால் அமிலம் குறைந்த வயிற்றிலும் சேரும். விறைப்பு கூடுதலென்றால் ஊசியாகப் போடுவார்கள். எப்படியானாலும் சீக்கிரம் தொடங்க வேண்டும், நாள்பட்ட நரம்புச் சேதம் முழுவதும் திரும்பாமல் போகலாம்.