ஸ்பிரிங்ஸ்டீனின் முதல் ஆல்பம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் முதல் ஆல்பமான ‘கிரீட்டிங்ஸ் ஃப்ரம் ஆஸ்பரி பார்க், என்.ஜே.’ (ஆஸ்பரி பார்க் நியூ ஜெர்சியின் கடற்கரை ஊர்) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஸ்பிரிங்ஸ்டீனைக் கேட்டதே இல்லை. முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகத் தொடங்கலாமா?

வேண்டாம். 1975-இல் வந்த ‘பார்ன் டு ரன்’னை முதலில் கேளுங்கள், பிறகு இதற்கு வாருங்கள். அங்கே ஓங்கி ஒலிக்கிற மனிதர் இங்கே இன்னும் தன் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதைக் கவனிப்பதுதான் இந்த ஆல்பத்தின் ருசி. இதில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் என்றால் ‘ஸ்பிரிட் இன் த நைட்’.

அண்ணா, இவர் ராக் பாடகர் என்று நினைத்து வாங்கினேன். சில பாட்டுகளில் ஒற்றை கித்தாரோடு நாட்டுப்புறப் பாடகர் மாதிரி இருக்கிறார். ஏன் இப்படி?

நல்ல கேள்வி. ஆல்பத்தின் மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது.

1972 மே 2 அன்று 22 வயது ஸ்பிரிங்ஸ்டீன், உறைகூட இல்லாத ஒரு இரவல் கித்தாரோடு கொலம்பியா இசை நிறுவனத்தில் ஜான் ஹாமண்டின் அறைக்குப் போனார். பில்லி ஹாலிடே, அரீதா ஃபிராங்க்ளின், பாப் டிலன் ஆகியோரை அடையாளம் கண்ட அதே ஹாமண்ட். கூடப் போன மேலாளர் மைக் ஆப்பெல் அளந்த அளப்பில் ஹாமண்ட் கடுப்பாகிவிட்டார். ஆனால் பையன் ‘இட்ஸ் ஹார்ட் டு பி எ செயின்ட் இன் த சிட்டி’யைப் பாடியதும் நிலைமை மாறிவிட்டது. மறுநாளே மாதிரிப் பதிவு (டெமோ).

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. ஹாமண்டுக்குத் தெரிந்தது கித்தாரோடு தனியாக உட்கார்ந்து பாடும் ஒரு கவிஞர். ஸ்பிரிங்ஸ்டீனோ நியூ ஜெர்சி கடற்கரை பார்களில் பல வருஷம் சத்தமான ராக் குழுக்களை நடத்தியவர். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் ஊருக்குப் போய்த் தன் ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார்: டிரம்ஸுக்கு வினி லோபெஸ், பேஸுக்கு கேரி டாலெண்ட், பியானோவுக்கு டேவிட் சான்சியஸ். கடைசியில் பாதி குழுவோடு, பாதி தனியாக என்று சமரசம் ஆனது.

அதை நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸிடம் கொடுத்தபோது, வானொலியில் ஓடக்கூடிய பாட்டு எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பினார். ஸ்பிரிங்ஸ்டீன் கோபித்துக்கொள்ளவில்லை. போய் ‘பிளைண்டட் பை த லைட்’, ‘ஸ்பிரிட் இன் த நைட்’ இரண்டையும் எழுதிக் கொண்டுவந்தார். தனியாகப் பாடியவற்றில் மூன்று ஆல்பத்திலிருந்து நீக்கப்பட்டன. பதிவறைக்கு உடனே வர முடிந்தவர் லோபெஸ்தான் என்பதால் இந்த இரண்டிலும் பேஸை ஸ்பிரிங்ஸ்டீனே வாசித்தார். சாக்ஸபோனுக்கு கிளாரன்ஸ் கிளெமன்ஸ் வந்தார்.

ஆல்பத்தில் கிளெமன்ஸ் வாசித்தது இந்த இரண்டு பாட்டில் மட்டும்தான். அவர் ஊதத் தொடங்கியதும் அறையே பெரிதாகிவிடுகிறது, கேட்டுப் பாருங்கள். நிறுவனங்கள் கலைஞரைக் கெடுத்த கதைகள் ஏராளம். இங்கே தலைவர் முரண்டு பிடித்ததால்தான் ராக் பாடகர் வெளியே வந்தார்.

ஒலிப்பதிவு இவ்வளவு சப்பையாக இருப்பது என் ஸ்பீக்கர் கோளாறா?

ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். நியூயார்க் நகருக்கு வெளியே பிளாவெல்ட்டில் 914 சவுண்ட் ஸ்டுடியோஸ் என்ற இடத்தில் பதிவானது. வாடகை குறைவு, நிறுவனம் தந்த முன்பணத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்பது கணக்கு. தயாரிப்பாளர்கள் ஆப்பெல், ஜிம் கிரெடெகோஸ். டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலத்தான் கேட்கும். 2014-இல் பாப் லட்விக் ஒலியைச் சீர்செய்து மறுமாஸ்டர் செய்த பதிப்பு கொஞ்சம் தேவலை.

வரிகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஏதாவது அர்த்தம் உண்டா, சும்மா எதுகை மோனையா?

இரண்டும்தான். ‘பிளைண்டட் பை த லைட்’டை எதுகை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் உள்ளே வருகிற பைத்தியக்கார டிரம்மர் கூட இருந்த லோபெஸ்தான் (பட்டப்பெயரே ‘மேட் டாக்’), இந்தியர்கள் என்பது சின்ன வயது பேஸ்பால் அணி. ஊர்க்கதையை வாய் மூடாமல் சொல்லும் நண்பன் என்று எடுத்துக்கொண்டால் சுலபம். இரண்டே வருஷத்தில் சொற்களைப் பாதியாக்கிவிட்டார், பாட்டு இரண்டு மடங்கு பலமானது. இருந்தாலும் இந்தத் துள்ளல் பிறகு திரும்பவே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

‘லாஸ்ட் இன் த ஃபிளட்’ தொடக்கத்தில் வரும் இடிச்சத்தம் என்ன?

ஸ்டீவன் வான் ஸாண்ட் ஆம்ப்ளிஃபையரைக் குலுக்கி உண்டாக்கியது. பிற்காலத்தில் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் குழுவின் தூணாக நின்றவரின் பங்களிப்பு இந்த ஆல்பத்தில் அவ்வளவுதான்!

பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போரிலிருந்து உடைந்து திரும்பும் ஒருவனில் தொடங்கி நகரத் தெருவின் துப்பாக்கிச் சண்டையில் முடிகிறது. ஸ்பிரிங்ஸ்டீனின் ஆரம்பகாலக் குழுவான காஸ்டீல்ஸின் டிரம்மர் பார்ட் ஹேய்ன்ஸ் 1967-இல் வியட்நாமில் கொல்லப்பட்டார். 1984-இன் ‘பார்ன் இன் த யு.எஸ்.ஏ.’வுக்கு விதை இங்கேயே விழுந்துவிட்டது. புதிதாகக் கேட்பவருக்கு எளிதான வாசல் ‘ஸ்பிரிட் இன் த நைட்’ என்றாலும், ஆல்பத்தின் ஆகச் சிறந்த பாட்டு இதுதான் என்பேன்.

எந்தப் பாட்டைத் தாண்டிப் போகலாம்?

‘மேரி குயின் ஆஃப் ஆர்கன்சா’. ‘தி ஏஞ்சல்’லும் அப்படித்தான், ஆனால் கடைசியில் ரிச்சர்ட் டேவிஸ் வாசிக்கும் டபுள் பேஸுக்காக ஒரு தடவை பொறுத்துக்கொள்ளலாம்.

அட்டையில் ஏன் அவர் படம் இல்லை?

கடற்கரை நடைபாதைக் கடையில் கிடைக்கும் ஆஸ்பரி பார்க் தபால் அட்டையை நீட்டி, இதுதான் வேண்டும் என்றார். கொலம்பியாவின் வடிவமைப்பாளர் ஜான் பெர்குக்கும் பிடித்துப்போனது. முகம் பின்னட்டையில், தபால் தலை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. நியூயார்க் பாடகராகக் காட்டப் பார்த்தவர்களுக்கு, நான் ஜெர்சிக்காரன் என்று சொன்ன பதில் அது.

படுதோல்வி என்கிறார்களே, உண்மையா சார்?

விற்பனையில் ஆமாம். 1973 ஜனவரி 5 அன்று வெளியாகி முதல் வருஷம் சுமார் 25,000 பிரதிகள்தான் போயின. ‘புதிய டிலன்’ என்று விளம்பரம் செய்தது உதவியதைவிடக் கெடுத்தது அதிகம். ஆனால் விமர்சகர்கள் கண்டுகொண்டார்கள். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியும் இதிலிருந்து இரண்டு பாட்டுகளைத் தன் குரலில் பதிவு செய்தார். வேடிக்கை என்னவென்றால், கிளைவ் டேவிஸுக்காக எழுதிய ‘பிளைண்டட் பை த லைட்’ 1977-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடியது மான்ஃபிரெட் மான்ஸ் எர்த் பேண்ட்.

ஹாமண்டுக்காகச் செய்த டெமோ பதிவுகள் கிடைக்குமா?

கிடைக்கும். 1998-இல் வந்த ‘டிராக்ஸ்’ தொகுப்பின் தொடக்கத்திலேயே நான்கு பாட்டுகள் இருக்கின்றன. அதில் ‘க்ரோயிங் அப்’பைக் கேட்டுவிட்டு உடனே ஆல்பத்தில் இருப்பதைக் கேளுங்கள். ஹாமண்ட் சொன்னது சரியா, ஸ்பிரிங்ஸ்டீன் சொன்னது சரியா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். என் ஓட்டு குழுவுக்கு, ஆனால் அந்த ஒரு பாட்டில் மட்டும் கிழவர் ஹாமண்ட் பக்கமும் நியாயம் இருக்கிறது.