கடல்தான் வரப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் வகுப்பில் ஓர் ஆப்பிரிக்க நாட்டைப் பற்றிப் பேச வேண்டும். மடகாஸ்கரை எடுத்துக்கொண்டாள். அது லெமூரியாவின் மிச்சம், நம் முன்னோர் வாழ்ந்த இடம் என்று சொன்னேன். ஆதாரம் கேட்கிறாள். அங்குள்ள லெமூர் என்ற விலங்கின் பெயரே போதாதா? அந்த நாட்டைப் பற்றியும் சுருக்கமாக எழுதுங்களேன்.

க., ஈப்போ, மலேசியா

அன்புள்ள க.,

உங்கள் மகள் கேட்டதுதான் சரி. லெமூரியா என்று பெயர் வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர், 1864இல். லெமூர் மடகாஸ்கரில் இருக்கிறது, அதன் தூரத்துச் சொந்தமான தேவாங்கு நம் காடுகளில் இருக்கிறது. நடுவில் இத்தனை கடல் எப்படி வந்தது? மூழ்கிப்போன நிலம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் அறிவியல் அதைக் கைவிட்டது. நாம்தான் விடவில்லை. (கல்லூரியில் இதை மேடையேறி முழங்கியவன்தான் நானும்.)

மடகாஸ்கர் தீவு இந்தியாவோடு ஒட்டியிருந்தது உண்மை. ஆனால் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், மனிதன் என்ற பேச்சே இல்லாத காலத்தில். அப்புறம் தனியாகவே கிடந்ததால்தான் வேறெங்கும் இல்லாத நூற்றுக்கும் மேற்பட்ட லெமூர் வகைகள் அங்கே உள்ளன.

ஆச்சரியம் மனிதர்கள் விஷயத்தில்தான். மொசாம்பிக் கரை 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, அங்கே பேசும் மலகாசி மொழியின் நெருங்கிய உறவோ ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் தள்ளி, போர்னியோவின் பாரிட்டோ ஆற்றங்கரையில் இருக்கிறது. உங்களுக்கு மலாய் தெரியும், நீங்களே பாருங்கள். வானம் மலாயில் லாங்கிட், அங்கே லானிட்ர. பறவை பூரோங், அங்கே வுருனா. கல் அங்கே வத்து. மலாயில் பாத்து, நீங்கள் தைப்பூசத்துக்குப் போகும் பத்து மலையின் அதே 'பத்து'. ஆனால் மாட்டுக்கு 'உம்பி' என்கிறார்கள், அது ஆப்பிரிக்கக் கரையின் பாந்து மொழிகளிலிருந்து வந்த சொல். ஆசியாவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து மாட்டோடு வந்தவர்களும் கலந்த இனம். அதனால் ஆசியாவா ஆப்பிரிக்காவா என்று ஒரே பக்கம் சாய்த்துச் சொல்ல மகளை விடாதீர்கள்.

சாப்பாடு என்றால் சோறுதான், மூன்று வேளையும். எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: சோறு எடுத்தபின் பானையின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அந்தப் பழுப்பு நீரைச் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள். நம் வீட்டில் காந்தலுக்குத் திட்டுதான் கிடைக்கும்.

நடு மேட்டுநிலத்தில் செம்மண் குன்றுகளும் அவற்றிடையே நெல்வயல்களும். தலைநகர் அண்டனனரிவோ சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மேட்டுநிலத்தில் இருந்த மெரினா என்ற அரசை 1787 வாக்கில் ஆளத் தொடங்கிய அண்ட்ரியனம்புய்னிமெரினா, சதுப்பை வெட்டி வயலாக்கியவர். 'கடல்தான் என் வயலின் வரப்பு' என்று அவர் சொன்னதாக இன்றும் அங்கே சொல்கிறார்கள். தீவு முழுவதும் என் ஆட்சிக்குள் வர வேண்டும் என்பதை ஓர் உழவன் வேறெப்படிச் சொல்வான்? அவர் மகன் முதலாம் ரடாமா அதில் பெரும்பகுதியைச் சாதித்தார். ஆனால் 1896இல் பிரான்ஸ் தீவை விழுங்கியது. மறு ஆண்டே கடைசி ராணி நாடு கடத்தப்பட்டு, 1917இல் அல்ஜியர்ஸில் இறந்தார். 1947 மார்ச்சில் வெடித்த கிளர்ச்சியைப் பிரெஞ்சுப் படை ரத்தத்தில் முக்கி அடக்கியது. விடுதலை 1960 ஜூன் 26.

இன்னொன்று. மேட்டுநில மக்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை முன்னோரின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்துப் புதுத் துணி சுற்றி, மேளதாளத்தோடு தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். வகுப்பில் எல்லோரும் 'ஐயோ' என்பார்கள். அங்கே அது உறவு கூடிச் சிரித்துச் சாப்பிடும் நாள் என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

அந்த ராஜாவின் பெயரை மட்டும் இன்றிரவே நாலைந்து தடவை சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும். எனக்கு இன்னும் ஒரே மூச்சில் வரவில்லை.