செத்துக் கிடப்பவர் என்ன பேசுகிறார்? – வாசகர் கேள்வி, எங்கள் பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயம்: குழுவாக ஆடும் வீடியோ கேம்களை வைத்து வீடியோ கலை செய்வது.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் மொபைல் லெஜண்ட்ஸ் (ஐவருக்கு ஐவர் மோதும் போன் கேம்) ஆடுவோம். அதையே இறுதியாண்டுக் கண்காட்சிக்கு 12 நிமிடப் படைப்பாகச் செய்கிறோம். போனில் ஸ்கிரீன் ரெக்கார்டு செய்ததில் படமும் ஒலியும் போகப் போக விலகுகின்றன. எங்கள் பேச்சும் பதிவாகவில்லை. — மாணவி, பட்டர்வொர்த்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. போன் ரெக்கார்டர் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. பத்துப் பேரும் மோதும் நேரத்தில் போன் திணறும், 60 இருந்த இடத்தில் நாற்பது சொச்சம்தான் கிடைக்கும். எடிட்டிங் மென்பொருளோ எல்லாம் சீராக இருப்பதாக நினைத்து அடுக்கும். எனவே எடிட்டிங்கில் கைவைக்கும் முன் ஐந்து பதிவுகளையும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, ஃபிரேம் ரேட் 60, கான்ஸ்டன்ட் என்று வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பேச்சு பதிவாகாதது ஆண்ட்ராய்டின் பூட்டு. ரெக்கார்டர் கேமின் ஒலியை எடுக்கும். வேறு செயலியில் ஓடும் அழைப்பை எடுக்காது. டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டைச் செயலியில் பேசி, கிரெய்க் என்ற தானியங்கிப் பதிவு நிரலை (bot) உங்கள் சேனலுக்குள் அழையுங்கள். ஒவ்வொருவர் குரலையும் தனித்தனிக் கோப்பாகத் தரும். பதிவு தொடங்குவதை அதுவே அறிவித்துவிடும் என்பதால் யாருக்கும் தெரியாமல் பதிவுசெய்த குற்றமும் வராது. ஐவரும் இயர்போன் போட்டாக வேண்டும். ஒருவர் ஸ்பீக்கரில் வைத்தாலும் மற்ற நால்வர் குரலும் அவர் மைக்கில் ஒழுகும், தனித்தனியாக எடுத்த பயனே போய்விடும்.

ஒத்திசைவுக்குக் கைதட்ட வேண்டாம், திரையின் மேலே ஆட்டத்தின் கடிகாரம் இருக்கிறது. அது 00:30 ஆகும் ஃபிரேமில் ஐந்து வீடியோவிலும் குறி வையுங்கள். அந்த நொடியில் ஒருவர் "முப்பது" என்று உரக்கச் சொல்லட்டும்; குரல் கோப்புகளுக்கு அதுவே குறி. பத்தாவது நிமிடத்தில் இன்னொரு முறை சரிபாருங்கள்.

ஒரு யோசனை. சண்டையில் எல்லோரும் "பேக், பேக்" (பின்வாங்கு) என்றுதான் கத்துவார்கள். ஆட்டத்தில் செத்துவிட்டு, மறுபடி எழும் நொடிகளை எண்ணிக்கொண்டு சும்மா இருப்பவர்தான் நாளைய டியூஷனையும் தீர்ந்துபோன டேட்டாவையும் பற்றிப் பேசுவார். அந்த இடங்களை முதலில் தேடி எடுங்கள். படைப்பு அங்கேதான் இருக்கும்.

கேள்வி: ஆட்டத்தைப் பதிவுசெய்து போட்டால் கலையா? யூடியூப் முழுக்க அதுதானே கிடக்கிறது? — பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: அமெரிக்க ராணுவம் ஆள்சேர்ப்புக்காகவே வெளியிட்ட கேம் 'அமெரிக்காஸ் ஆர்மி'. 2006-இல் ஜோசப் டிலாப் என்ற கலைஞர் 'டெட் இன் ஈராக்' என்ற பெயரில் அதற்குள் நுழைந்து, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, ஈராக்கில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் பெயர்களை அரட்டைப் பெட்டியில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார். மற்றவர்கள் சுடுவார்கள். மறுபடி எழுந்து அடுத்த பெயர். 2011 வரை இது நீடித்தது. அந்த கேமின் சர்வர்கள் 2022-இல் மூடப்பட்டன. இன்று கையில் இருப்பது பதிவுகள் மட்டுமே. ஜெயிப்பதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று உங்கள் பதிவில் என்ன இருக்கிறது? அதை ஒரு வரியில் எழுத முடிந்தால் வேலையைத் தொடங்கலாம்.

கேள்வி: கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை யார் கண்ணிலும் படாத கோணத்திலிருந்து காட்ட முடியுமா? — செந்தூல்

பதில்: முடியும், டெமோ கோப்பு வழியாக. அது வீடியோ கிடையாது. யார் எங்கே நின்றார், எங்கே சுட்டார் என்ற தரவு. கேம் அதைப் படித்துக் காட்சியைப் புதிதாக வரையும். அதனால் ஒரே சுற்றைக் கூரையிலிருந்தும் பார்க்கலாம், தரையிலிருந்தும் பார்க்கலாம். 1996-இல் குவேக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் ஆட்டக்காரர்கள் செய்த 'டைரி ஆஃப் எ கேம்பர்' இப்படி டெமோவாகத்தான் கைமாறியது. பார்க்க கேம் வேண்டும்.

கேமரா பாதை போட எச்எல்ஏஇ என்ற இலவசக் கருவி உண்டு. அது கேமை 'இன்செக்யூர்' நிலையில், அதாவது ஏமாற்றுத் தடுப்பு இல்லாமல், திறக்கும். அப்படியே விடுங்கள். அந்தக் கருவியோடு பொது சர்வரில் ஏற முயன்றால் வேக் தடை (VAC, ஏமாற்றி ஆடுவோருக்கு விழும் தடை) விழலாம், அது நிரந்தரம். கேம் புதுப்பிக்கப்பட்டால் பழைய டெமோ ஓடாமல் போகலாம் என்பதால் வேண்டிய சுற்றை அந்த வாரமே எடுத்துவிடுங்கள். சுருக்காத படங்களாக எடுத்தால் 1080 அளவில் ஃபிரேமுக்கு 6 எம்பி, நொடிக்கு 60 ஃபிரேம். ஒரு நிமிடத்துக்கே 22 ஜிபி விழுங்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ சுருக்கும் கருவியை இணைத்து, எடுக்கும்போதே சுருக்குங்கள்.

கேள்வி: பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் தமிழ் வசன வரி போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது. — கிள்ளான்

பதில்: பிரிஃபரன்சஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றிவிட்டு, வரியைப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்தால் பெயர் போட வேண்டியதில்லை. தமிழும் மலாயும் ஹொக்கியனும் கலந்த பேச்சைச் சுத்தத் தமிழாக்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டில் இரண்டு வாரம் காட்டப்போகிறோம். தம் டிரைவ் போட்டு டிவியில் ஓட்டினால் போதாதா? — அதே பட்டர்வொர்த் குழு

பதில்: போதாது. நொடிக்கு 50 மெகாபிட்டில் ஏற்றினால் 12 நிமிடம் 4.5 ஜிபி ஆகும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. பெரிய கோப்பை ஏற்கும் எக்ஸ்ஃபேட் முறை டிரைவைப் படிக்காத டிவிகளும் உண்டு. 20 மெகாபிட் வைத்தால் 1.8 ஜிபிதான், அது அடங்கிவிடும். ஆனாலும் சுற்று முடியும்போதெல்லாம் டிவி கறுத்து, கோப்பின் பெயரைக் காட்டித் தொலைக்கும். ஒரு சின்னக் கணினியில் எம்பிவி பிளேயரை முடிவில்லாச் சுற்றில் ஓடவிட்டு எச்டிஎம்ஐ வழியாகக் கொடுங்கள். படைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு நொடிக் கறுப்பு சேர்த்தால் தையல் தெரியாது.

ஓஎல்இடி டிவியை யாராவது இரவல் கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிவிடுங்கள். வரைபடமும் கடிகாரமும் எப்போதும் ஒரே மூலையில் நிற்பதால் இரண்டு வாரத்தில் திரையில் தழும்பு விழக்கூடும். சாதாரண எல்இடி டிவி போதும். மோஷன் ஸ்மூத்திங் (அசைவை டிவியே வழவழப்பாக்குவது), மின்சேமிப்பு, தானே அணையும் வசதி மூன்றையும் நிறுத்துங்கள். ரிமோட்டைத் தொடாமல் நான்கு மணி நேரம் போனால் அணைந்துவிடும் டிவிகள் இருக்கின்றன. புரொஜெக்டர் வேண்டாம். நடுமுற்றத்து வெளிச்சமும் அஞ்சடியிலிருந்து (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) வரும் வெளிச்சமும் பகலில் படத்தை வெளுக்கடித்துவிடும்.

ஐந்து குரலையும் ஒரே ஸ்பீக்கரில் கொட்டினால் மரத்தரை அறையில் ஒன்றும் விளங்காது. ஐந்து ஹெட்போன் மாட்டி, ஒவ்வொன்றிலும் ஒருவர் குரல் மட்டும் ஓடட்டும். அதற்கு ஆறு வழி வெளியீடாவது உள்ள யூஎஸ்பி ஆடியோ இண்டர்ஃபேஸும் ஒரு ஹெட்போன் ஆம்ப்பும் வேண்டும். வாங்காதீர்கள், இரண்டு வாரத்துக்கு வாடகை போதும்.